நெட்டா விரித்த கம்பளம்

செங்கா மக்ளாஷன் வருகிற கூட்டத்தில் பிஸ்கட்டும் மிஞ்சாது, அடுத்தவர் பேச நேரமும் மிஞ்சாது என்று லிண்ட்பர்ன் வீட்டுச் சங்கத்து அலுவலகத்தில் சொல்லிக்கொள்வார்கள். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்தவள். நானூறு பிள்ளைகளை ஒரே அதட்டலில் வரிசையில் நிறுத்திய தொண்டை அது. ஓய்வு பெற்ற பிறகு அந்தத் தொண்டையை என்ன செய்வது? மறு மாதமே சங்கத்தின் குடியிருப்போர் குழுவில் சேர்ந்துவிட்டாள்.

ஸ்காட்லாந்தின் துறைமுக ஊரான கிரீனக்கின் மேட்டுத் தெருக்களில் அந்தச் சங்கத்துக்கு எண்ணூறு வீடுகள். லாபம் பார்க்கக் கூடாத சங்கம். வாங்குகிற வாடகை கூரையாகவும் ஜன்னலாகவும் வெந்நீர்க் குழாயாகவும் குடியிருப்பவர்களுக்கே திரும்பி வரவேண்டும். ஒழுங்காகத் திரும்பி வருகிறதா என்று துருவிப் பார்ப்பதுதான் அந்த ஆறு பேர் குழுவின் வேலை. ஆறு பேரும் அதே வீடுகளில் குடியிருப்பவர்கள். தலைவர் ஹியூ டானக், கப்பல் பட்டறையில் குழாய் வேலை பார்த்தவர். எந்தச் செலவைக் காட்டினாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "சரி, இதனால குடியிருக்கிறவனுக்கு என்ன?" என்று கேட்பார். அலுவலகத்து கிறிஸ்துமஸ் மரத்தைப் பார்த்தும் அதையே கேட்டவர்.

நான்கு வருடத்துக்கு முன்னால் செங்கா அந்தக் குழுவில் ஒரு சட்டம் கொண்டுவந்தாள். பூனை வளர்த்த ஒரு கிழவர் காலி செய்துபோன வீட்டில் பழைய கம்பளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அடுத்துக் குடிவந்தவர்களுடைய கைக்குழந்தையின் காலெல்லாம் பூச்சி கடித்துச் சிவந்துவிட்டது. செங்கா அந்தக் குழந்தையின் படத்தை மேசையில் வைத்து, மேசையைத் தட்டித் தட்டிப் பேசினாள். அன்றிலிருந்து எந்த வீடு காலியானாலும் உள்ளே இருக்கும் கம்பளம், திரைச்சீலை, அலமாரி எல்லாவற்றையும் கிழித்தெடுத்துக் குப்பையில் போட்டு, வெறும் பலகைத் தரையாக்கித்தான் அடுத்தவருக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. வேலையாட்கள் அதற்குச் செங்கா சட்டம் என்று பெயர் வைத்தார்கள். காதில் விழுந்தபோது அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

இப்போது அந்தச் சட்டம் அவளுடைய மேல்வீட்டுக்கே வந்து நின்றது.

மேல்வீட்டில் நெட்டா கெர் பத்தொன்பது வருடம் இருந்தாள். குதிரைப் பந்தயக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டு வாங்கியவள். பேச்சில் செங்காவுக்குச் சளைத்தவள் இல்லை. வியாழன்தோறும் இருவரும் பிங்கோ ஆடப் போவார்கள், தோற்றுவிட்டு வரும் வழியில் சிப்ஸ் வாங்கித் தின்றபடி மேடு ஏறுவார்கள். பிப்ரவரியில் எலும்பில் வந்த புற்றுநோய் நெட்டாவைக் கொண்டுபோய்விட்டது. போவதற்கு நான்கு நாள் முன்பு, மருத்துவமனைக் கட்டிலில், அவள் செங்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என் சாமான் எத வேணா யார் வேணா தூக்கிட்டுப் போகட்டும்டி. அந்தக் கார்ப்பெட்ட மட்டும் கிழிச்சுப் போட விட்றாத. அது அங்கயேதான் கெடக்கணும். போட்டு ஆறு மாசம்கூட ஆகல."

"எவன் கைய வைக்கிறான்னு பாத்துடறேன்."

"உன் சட்டம்தானடி அது."

"நான் போட்ட சட்டத்த நான் மாத்த மாட்டேனா?"

நெட்டா சிரித்தாள். சிரித்தால் இடுப்பு வலித்தது, அதையும் பொருட்படுத்தாமல் சிரித்தாள். "மாத்துவ, மாத்துவ. ஹியூ மூஞ்சியப் பாக்க நான் இருக்க மாட்டேன், அதான் வருத்தம்."

செங்கா சத்தியம் செய்துவிட்டு வந்தாள். அந்தச் சத்தியத்தோடு வேறொன்றும் அவள் நெஞ்சில் கிடந்தது. அதை அவள் நெட்டாவிடம் கடைசிவரை சொல்லவே இல்லை.

அந்தக் கம்பளம் வந்ததே செங்காவால்தான்.

போன கோடைக்காலம் வரை நெட்டா வீட்டில் பளபளவென்று மெருகிட்ட பலகைத் தரை. திடீரென்று விடியற்காலை மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் பின்னறையில் நடக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. டக், டக், டக், ஒரு நிறுத்தம், மறுபடி டக், டக். சரியாகச் செங்காவின் கட்டிலுக்கு மேலே. மூன்று வாரம் தூக்கமில்லாமல் கண் எரிந்தது. ஒரு காலை, வெறுத்துப்போய், சங்கத்துக்குப் புகார் படிவம் எழுதிப் போட்டாள். பெயரை வெளியிட வேண்டாம் என்ற கட்டத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான். சங்கம் நெட்டாவுக்குக் கடிதம் அனுப்பியது, ஆளையும் அனுப்பியது.

கடிதத்தைத் தூக்கிக்கொண்டு நெட்டா நேராகக் கீழேதான் வந்தாள். "இங்க பாருடி, எவனோ என் மேல புகார் குடுத்திருக்கான்! எதிர்வீட்டு ஆர்ச்சியாத்தான் இருக்கும். காதுல மெஷின் வெச்சிருக்கான்ல, சத்தத்தக் கூட்டி வெச்சுட்டான் போல!"

"அவனேதான்," என்றாள் செங்கா.

பாவம் ஆர்ச்சி, அதே கட்டடத்தில் செங்காவின் எதிர்க்கதவு. அன்றிலிருந்து அவரைப் படியில் பார்க்கும்போதெல்லாம் செங்கா இரண்டு ஷார்ட்பிரெட் பிஸ்கட்டைக் கையில் திணிப்பாள். ஏன் என்று அவர் கேட்டதும் இல்லை, வேண்டாம் என்று சொன்னதும் இல்லை.

ஒரு மாதம் கழித்து இரண்டு ஆட்கள் ஒரு பெரிய சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு மூச்சுவாங்க மாடி ஏறினார்கள். கத்தரிப்பூ நிறத்தில், கால் புதையும் கம்பளம். வார வாரம் தவணை கட்டித்தான் நெட்டா அதை வாங்கினாள். காலடிச் சத்தம் நின்றது. செங்கா நன்றாகத் தூங்கினாள். இலையுதிர்காலத்தில்தான் நெட்டாவின் நோய் வெளியே தெரிந்தது. படுத்தால் எலும்பு தாங்காமல் வலிக்கும், நடந்தால் கொஞ்சம் தணியும், அதனால்தான் நடந்திருக்கிறாள்.

பதினாறு படி ஏறிக் கதவைத் தட்டி, "ஏன்டி தூங்காம நடக்கிற?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக ஒரு படிவத்தை நிரப்பினாள். இதை நினைக்கும்போதெல்லாம் செங்காவுக்கு முகம் சுட்டது.

சாவுச் சடங்கு முடிந்து, ஸ்டேக் பை என்ற இறைச்சிப் பண்டம் சாப்பிட்டு எல்லாரும் கலைந்த மறுநாள், கனடாவிலிருந்து வந்த நெட்டாவின் அண்ணன் மகள் சாவியைச் சங்கத்தில் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறினாள். செங்கா கோட்டை மாட்டிக்கொண்டு மழையில் அலுவலகத்துக்கு இறங்கினாள். அவர்கள் தெருவைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி கட்ரீனா, சின்னப் பெண், கணினியைத் திருப்பித் தேதியைப் பார்த்துச் சொன்னாள்.

"வியாழக்கிழமை காலையில மேஸ்திரி டகி ஆளோட வந்துடுவார், செங்கா. வீட்ட வெறுமையாக்கி, பெயின்ட் அடிச்சு, பத்து நாளுக்குள்ள அடுத்தவங்களுக்குக் குடுக்கணும்."

"அந்தக் கார்ப்பெட் புதுசும்மா. விட்டுடச் சொல்லு."

"நான் எப்படிச் சொல்ல முடியும்? விதி. அதுவும் நீங்க..."

"நான்தான் கொண்டுவந்தேன், தெரியும். மாத்தறதுக்கு என்ன வழி?"

"புதன்கிழமை உங்க குழு கூடுது. காலி வீட்டுச் செலவு அன்னிக்கு விவாதத்துல இருக்கு. குழு மாத்தச் சொன்னா இயக்குநர் அன்னிக்கே கையெழுத்துப் போட்டுடுவாங்க." கட்ரீனா குரலைத் தாழ்த்தினாள். "ஆனா இதுல சொந்த சம்பந்தம் இருக்கறவங்க ஆரம்பத்துலயே அதச் சொல்லிட்டு வெளிய போயிடணும். அதுவும் விதி."

"கீழ்வீட்டுல இருக்கறது ஒரு சம்பந்தமா?"

"கீழ்வீட்டுல இருக்கறது மட்டும்னா பரவாயில்ல."

செங்கா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் புகாரை விசாரிக்க வந்தது இந்தப் பெண்தான். பெயரைக் காப்பாற்றியதும் இவள்தான். கட்ரீனாவின் முகத்தில் குற்றம் சாட்டுகிற பாவனை ஏதும் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் செங்கா கணக்குப் போட்டாள். உண்மையைச் சொல்லிவிட்டு வெளியே போனால் கம்பளத்துக்காகப் பேச உள்ளே யார் இருக்கிறார்கள்? மீதி ஐந்து பேரில் இருவருக்குப் பேசவே கூச்சம். ஒருத்தி கூட்டம் முழுக்கப் பின்னல் பின்னுவாள். இன்னொருவர் பாதியில் தூங்கிவிடுவார். அப்புறம் ஹியூ. சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் பேசலாம், ஜெயிக்கவும் செய்யலாம். ஊருக்கும் தெரியப்போவதில்லை. நெட்டா கெர் என்ற உயிர்த்தோழியின் மேல் திருட்டுத்தனமாகப் புகார் எழுதியவள் என்று படிக்கட்டில் யாரும் பேசப்போவதில்லை. சொல்லாமல் இருப்பதற்கு நல்ல காரணமும் கிடைத்துவிட்டது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. மனித மனம் இருக்கிறதே, அதற்கு வக்கீலே தேவையில்லை.

புதன்கிழமை பதினொரு மணி. ஹியூ வழக்கம்போல முதல் கேள்வியைக் கேட்டார். "இன்னிக்குப் பேசப்போற விஷயத்துல யாருக்காவது சொந்த சம்பந்தம் உண்டா?" அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. ஒரே ஒரு தடவை, தூங்குகிறவர் எழுந்து, பிஸ்கட் வாங்குகிற கடை தன் மைத்துனனுடையது என்றார். செங்கா தேநீரைக் கலக்கினாள். சர்க்கரை போடாத தேநீர், ஆனாலும் கலக்கினாள். ஹியூ பேனாவை எடுத்து 'இல்லை' என்று எழுதினார். மேசையின் மறுகோடியில் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த கட்ரீனா தலையை நிமிர்த்தவே இல்லை.

காலி வீடுகளின் மேஸ்திரி டகி ராங்கின், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தான். ஆளுக்குக் கூட்டம் என்றாலே வியர்க்கும்.

"போன வருஷம் அறுபத்தோரு வீடு. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஆளு, முழுசா ஒரு நாளு, குப்பைக்கு ஒரு இரும்புத் தொட்டி வாடகை. கிழிச்செடுக்கறதுல பாதி நெசமாவே நாத்தம் புடிச்சது, அதப் பத்திப் பேச்சில்ல. மீதிப் பாதி என் வீட்டுல கெடக்கறத விட நல்லா இருக்கும். அத மழையில தொட்டியில போடறப்ப எனக்கே வயிறு எரியும். அப்புறம் உள்ள வர்றாங்க பாருங்க, போன மாசம் ஒரு பொண்ணு, கைக்கொழந்தையோட. வெறும் பலகை. கார்ப்பெட் வாங்க வழியில்ல. கொழந்தைய அட்டைப்பெட்டிய விரிச்சு அதுமேல தவழ விட்டுட்டிருந்தா."

"டகி சொல்றது சரி," என்றாள் செங்கா. "நல்லா இருக்கறத விட்டுட்டு, கெட்டுப்போனத மட்டும் எடுத்தாப் போதும்."

ஹியூவின் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. "செங்கா, இதே மேசையத்தானே தட்டித் தட்டி எல்லாத்தையும் கிழின்னு சொன்ன? டீ கோப்பையே குதிச்சுதே!"

"சொன்னேன். பூச்சி இருந்த ஒரு வீட்டப் பாத்துட்டு எண்ணூறு வீட்டுக்கும் சட்டம் போட்டேன். முட்டாள்தனம்."

பின்னல் ஊசிகள் நின்றன. செங்கா தன்னைத்தானே முட்டாள் என்று சொல்லிக்கொண்டதை அந்த அறை இதுவரை கேட்டதில்லை. காரியம் கைகூடிவிடும் போலத்தான் இருந்தது. அப்போது ஹியூ நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இது இப்ப எதுக்கு வருதுன்னு எனக்குத் தெரியும். நெட்டா கெர் வீட்ட நாளைக்குக் காலி பண்றாங்க. நல்ல பொம்பளதான், இல்லங்கல. ஆனா அவளுக்கு எப்பவுமே கொஞ்சம் பகட்டு. மெருகு போட்ட பலகை இருக்கும்போது அதுமேல ராணி வீட்டுக் கார்ப்பெட் எதுக்கு? ஊருக்குக் காட்டவா? ஒருத்தியோட ஆடம்பரத்துக்காக விதிய மாத்தணும்னா, இதனால குடியிருக்கிறவனுக்கு என்ன?"

செங்காவுக்குக் காதில் ரத்தம் ஏறியது. எழுந்து நின்றதே அவளுக்குத் தெரியவில்லை.

"பகட்டா? பகட்டுக்கு ஒண்ணும் போடல அவ. என்னாலதான் போட்டா! நான்தான் அவ மேல புகார் குடுத்தேன், ஹியூ. நான். பேர் சொல்லாம. அவ ராத்திரியெல்லாம் வலி தாங்காம நடந்திருக்கா, நான் மேல ஏறிப் போயி என்னன்னு கேக்காம காகிதம் எழுதினேன். அவ ஆர்ச்சின்னு நெனச்சா, நானும் ஆமான்னு சொன்னேன். கால் சத்தம் யாருக்கும் கேக்கக்கூடாதுன்னு தவண கட்டி அந்தக் கார்ப்பெட்ட வாங்கினா. சாகப்போற பொம்பள. அவளப் போய் பகட்டுங்கற?"

தூங்குகிறவர்கூட விழித்திருந்தார்.

ஹியூ கண்ணாடியைக் கீழே இறக்கினார். "இத நீ ஆரம்பத்துலயே சொல்லியிருக்கணும், செங்கா."

"ஆமா."

"குறிப்புல ஏறும்."

"ஏறட்டும்."

"அப்ப நீ வெளிய இரும்மா," என்றார். ஹியூ அவளை 'அம்மா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

நடையில் நகல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடந்தது. செங்கா அதில் உட்கார்ந்தாள். எதிர்ச்சுவரில் சங்கத்தின் விளம்பரத் தாள் ஒன்று, சிரிக்கிற ஒரு குடும்பத்தின் படத்தோடு. 'நீங்கள் தரும் வாடகைக்கு ஏற்ற பயன் கிடைக்கிறதா? எங்களிடம் சொல்லுங்கள்!' அதை நாற்பது தடவை படித்தாள். மானம் போய்விட்டது. மத்தியானத்துக்குள் மேட்டுத் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். கம்பளமும் போயிற்று, பேச வேண்டியவள் வெளியே உட்கார்ந்திருக்கிறாள். நெட்டாவுக்குக் கொடுத்த ஒரே வாக்கு, அதையும் கெடுத்தாகிவிட்டது. கண்ணாடிக் கதவு வழியாகக் கட்ரீனா எழுந்து ஏதோ பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. கூச்சக்காரர்கள் இருவரும் ஒரே நேரத்தில் கையை ஆட்டிப் பேசினார்கள். இத்தனை வருடத்தில் அவர்கள் வாய் திறந்து அவள் பார்த்ததில்லை. அவள் உள்ளே இருந்திருந்தால் திறந்திருக்கவும் மாட்டார்கள்.

முக்கால் மணி கழித்து ஹியூ வெளியே வந்தார். நகல் இயந்திரத்தில் சாய்ந்துகொண்டு தொண்டையைச் செருமினார்.

"கார்ப்பெட் இருக்கும்."

செங்கா எழுந்து நின்றாள். "யாரு பேசினா?"

"எல்லாரும். அந்தக் கட்ரீனாப் பொண்ணு ஒரு கணக்குச் சொல்லிச்சு பாரு. உன் ஒரு புகாருக்கு அது மூணு தடவ நேர்ல வந்திருக்கு, நாலு கடிதாசி. கால் சத்தம்னு போன வருஷம் நாப்பது புகார், அதுல முப்பத்திமூணு வெறும் பலகைத் தர. கேட்டியா? நாமளே காசு குடுத்துக் கிழிக்கறோம், நாமளே வெறும் தரையக் குடுக்கறோம், அப்புறம் சத்தம் கேக்குதுன்னு நாமளே ஆளு அனுப்பிப் பஞ்சாயத்துப் பண்றோம். எல்லாம் நம்ம வாடகைதான். இதனால குடியிருக்கிறவனுக்கு என்னன்னு நான் கேக்கறதுக்கே வேல இல்லாமப் போச்சு."

"அந்தப் பூச்சி?"

"ஒவ்வொரு ரூம்லயும் ஒரு மூலையத் தூக்கிப் பாக்கணும். ஈரம், பூச்சி எதுவும் இல்லன்னாத்தான் இருக்கும். வர்றவங்க வேணாம்னா எடுத்துடணும். இயக்குநர் கையெழுத்துப் போட்டாச்சு." அவர் திரும்பிப் போகப்போனவர் நின்றார். "நெட்டாவப் பத்தி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இருபது வருஷம் என் பந்தயச் சீட்ட அவதான் வாங்கினா. நான் தோத்தத ஒரு தடவகூட என் பொண்டாட்டிகிட்ட சொன்னதில்ல."

மறுநாள் காலை டகி வந்தான். இரும்புத் தொட்டி வரவில்லை, ஒரு கத்தியும் டார்ச்சும் மட்டும் கொண்டுவந்தான். செங்கா தன் வீட்டு வாசலில் படிக்கட்டைப் பார்த்தபடி நின்றாள். மேலே போகவில்லை. சம்பந்தப்பட்டவள் சோதனையில் நிற்கக் கூடாது என்று இந்தமுறை அவளே முடிவு செய்திருந்தாள். கால் மணி நேரத்தில் டகி மாடிக் கைப்பிடியில் எட்டிப் பார்த்தான்.

"செங்கா, கொஞ்சம் மேல வாயேன்."

"பூச்சியா?" அவள் இரண்டு படி ஏறிவிட்டாள்.

"பூச்சியெல்லாம் ஒண்ணும் இல்ல. பஞ்சு மாதிரி சுத்தமா இருக்கு. வந்து பாரு."

நெட்டாவின் வீடு வெறிச்சென்று கிடந்தது. கத்தரிப்பூ நிறம் மட்டும் சுவரிலிருந்து சுவர்வரை அப்படியே இருந்தது. பின்னறை மூலையில் டகி கம்பளத்தை நன்றாகவே சுருட்டி வைத்திருந்தான். அடியில் மெத்தென்ற சாம்பல் நிற விரிப்பு.

"கார்ப்பெட்டுக்கு அடியில இந்த மெத்த விரிப்பு ஒரு அடுக்கு போடுவாங்க. முன் ரூம்ல ஒண்ணுதான். நடையில ஒண்ணுதான். இங்க மட்டும் மூலையத் தூக்கினா ரெண்டு அடுக்கு. ஏன்னு புரியல, அதான் இன்னும் கொஞ்சம் சுருட்டிப் பாத்தேன். அதுவும் ரூம் முழுக்க இல்ல." டகி மண்டிபோட்டுக் கையால் எல்லை காட்டினான். "ஜன்னல் சுவத்துல இருந்து இதோ இதுவரைக்கும். நீளவாக்குல இவ்வளவு. நானும் இருபத்தஞ்சு வருஷமா கார்ப்பெட் கிழிக்கறேன், இப்படிப் பாத்ததில்ல. எவனும் தானா இப்படிப் போட மாட்டான். நின்னு, கோடு போட்டுக் காட்டி, இங்க ரெண்டா போடுன்னு தனியாக் காசு குடுத்திருக்கா." அவன் நிமிர்ந்தான். "செங்கா, உன் கட்டிலு எங்க கெடக்கு?"

செங்காவின் கட்டிலும் கீழே அதே ஜன்னலோரம்தான். ஐந்து வருடத்துக்கு முன்பு அந்தக் கட்டிலை ஜன்னலோரமாக நகர்த்தியபோது மறுமுனையைப் பிடித்துத் தூக்கியவள் நெட்டாதான்.

அப்படியானால் நெட்டாவுக்குத் தெரிந்திருக்கிறது. கடிதத்தில் பின்னறை என்று இருந்திருக்கும். எதிர்வீட்டு ஆர்ச்சிக்குப் பின்னறைச் சத்தம் எப்படிக் கேட்கும்? பந்தயக் கடையில் ஆயுள் முழுக்க மனிதர்களின் முகத்தைப் படித்தவளுக்கு இது ஒரு புதிரா? கடிதத்தோடு கீழே வந்தபோதே தெரிந்துதான் வந்திருக்கிறாள். செங்கா வெட்கப்படக் கூடாதென்று ஆர்ச்சியின் தலையில் போட்டுச் சிரித்துவிட்டு, மேலே போய், ஒரு கட்டில் அளவுக்கு இரண்டு அடுக்கு விரிக்கச் சொல்லியிருக்கிறாள். தான் வலியில் நடக்கும்போது கீழே இவள் தூங்கட்டும் என்று. மருத்துவமனையில் 'அது அங்கயேதான் கெடக்கணும்' என்று சொன்னதும் கம்பளத்தின் மேலுள்ள ஆசையால் அல்ல.

செங்கா அந்தக் கம்பளத்தின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். பள்ளிக்கூடச் சமையலறைத் தொண்டையோடு, கூச்சமில்லாமல், வாய்விட்டு அழுதாள். டகிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தேநீர் போடலாம் என்று சமையலறைக்குப் போனான், காலி வீட்டில் கெட்டில் ஏது, திரும்பி வந்தான். கடைசியில் தன் பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றி நீட்டினான்.

"சக்கர ரெண்டு கரண்டி," என்றான்.

"குடு." மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாங்கிக் குடித்தாள். "அந்த ரெண்டு அடுக்கையும் அப்படியே வெச்சு மூடு. ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது."

"எனக்கா சொல்ற?" என்று டகி மண்டிபோட்டான்.

அதற்கு அடுத்த வாரம் ரோனா என்ற பெண் இரட்டைக் குழந்தைகளோடு குடிவந்தாள். இரண்டுக்கும் நான்கு வயது. வாசலிலேயே செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அறைக்கு அறை உருண்டன. செங்கா ஒரு டப்பா ஷார்ட்பிரெட்டோடு மாடி ஏறினாள். வழியில் முதலில் ஆர்ச்சியின் கதவைத் தட்டி, அவரிடம் சொல்ல வேண்டியதை நின்று சொல்லிவிட்டுத்தான் ஏறினாள். ஆர்ச்சி காது இயந்திரத்தைத் திருகிக்கொண்டு முழுவதும் கேட்டார். "அப்ப இனிமே ஷார்ட்பிரெட் கெடைக்காதா?" என்று மட்டும் கேட்டார்.

ரோனா கதவைத் திறந்தாள். கீழ்வீடு என்று கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"சத்தம் கேக்குதாங்க? மன்னிச்சிடுங்க, ரெண்டும் அடங்கவே மாட்டேங்குது. முன்ன இருந்த வீட்டுல கடிதாசி மேல கடிதாசி வந்தது. யாரு குடுத்தாங்கன்னே கடைசிவரைக்கும் தெரியல. யாரப் பாத்தாலும் இவங்களா இருக்குமோன்னு பயமாவே இருந்தது. தயவுசெஞ்சு..."

"கண்ணு, கொஞ்சம் மூச்சு விடு," என்றாள் செங்கா. உள்ளே பின்னறையில் இரண்டும் தொப்பென்று குதித்தன. கீழே தன் கட்டிலுக்கு மேல் அது எப்படிக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். கேட்கவே கேட்காது. "கேட்டா நானே மேல வந்து கதவத் தட்டறேன். உனக்கு ஏதாவதுன்னா நீ கீழ வந்து தட்டு. எந்நேரமா இருந்தாலும் சரி. பதினாறு படிதான், எண்ணி வெச்சிருக்கேன்."